மாற்றுத்திறனாளிகளும் செயற்கை நுண்ணறிவும்: பழனி மலையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

பழனி மலைத்தொடரின் மேல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த கொடைக்கானலில் அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் அதனைக் ‘கோடை பண்பலை’ என்று நேயர்கள் உரிமையோடு அழைப்பார்கள். மலையின் உயரமே அதற்குப் பலமாக வாய்த்தமையால், திண்டுக்கல், தேனி, மதுரை, கரூர் என்று சமவெளியின் பல மாவட்டங்களில், வயல் வரப்பிலும் தேநீர்க் கடையிலும் தறிக்கூடத்திலும் அதன் குரல் கேட்கிறது. கண்பார்வை இல்லாத ஒருவருக்கு இந்த வானொலி எத்தகைய துணை என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. செய்தியும் விவசாயக் குறிப்பும் பாட்டும் உரையும் அவரைத் தேடி வருகின்றன; குமிழைத் திருப்புவதற்கு மேல் அவரிடம் அது எதையும் கேட்பதில்லை. அதே வீட்டில் காது கேளாத ஒருவர் இருப்பாரானால், அவருக்கு அந்தப் பெட்டி இருந்தும் இல்லாததே. வானொலியை அமைத்தவர்கள் முன்னவருக்கு உபகாரம் செய்யவேண்டும் என்றோ, பின்னவரை விலக்கிவைக்கவேண்டும் என்றோ கருதியவர்கள் அல்லர். இருவரையுமே அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

சாதனங்களின் சரித்திரம் நெடுகிலும் இதே கதையைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான பெல்லெக்ரினோ துர்ரி, தட்டச்சு இயந்திரத்தின் ஆதி வடிவங்களுள் ஒன்றை அமைத்தது, பார்வை இழந்த சீமாட்டி ஒருவர் பிறர் கையை நாடாமல் தாமே கடிதம் எழுதவேண்டும் என்பதற்காகவே. அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லோ காது கேளாத தாய்க்கு மகனாகப் பிறந்து, காது கேளாத மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்து, காது கேளாத பெண்மணியையே மணந்தவர். அப்படியிருந்தும் அவர் 1876இல் காப்புரிமை பெற்ற தொலைபேசி, நெடுங்காலம் காது கேளாதோருக்கு உதவாத கருவியாகவே இருந்தது. நம் காலத்திலேயே, பொத்தான் வைத்த கைப்பேசியை விரல்தடத்தால் அறிந்து இயக்கப் பழகியிருந்த பார்வையற்றோர், மேடு பள்ளம் எதுவும் இல்லாத தொடுதிரை வந்தபோது திகைத்து நின்றார்கள். 2009இல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பான் சேர்க்கப்பட்டு, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக்கும் வந்து சேர்ந்த பிறகே அந்தக் கண்ணாடித் தகடு அவர்களுக்கு வசப்பட்டது.

இப்பொழுது நம்முன் வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்னும் சாதனம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என்று பல பெயர்களில் வழங்கும் இவ்வுதவியாளர்கள், எழுத்தாலோ குரலாலோ கேட்ட கேள்விக்கு விடை சொல்லவும், கடிதம் எழுதித் தரவும், படத்தைப் பார்த்து அதில் உள்ளதை விவரிக்கவும் வல்லவை. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேரும் இருந்தனர். இவர்கள் யாவரும் இப்புதிய சாதனத்தைத் தம் மொழியில், தமக்கு இயன்ற முறையில் பயன்படுத்த முடிகிறதா, முடியாவிடில் தடை எங்கே இருக்கிறது, அதை நீக்கும் கடமை எவருடையது என்பனவே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாக்கள்.

இவ்வினாக்களை மலையில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. கொடைக்கானல் வட்டத்தின் கிராமங்களை மேல்மலை என்றும் கீழ்மலை என்றும் இங்குள்ளோர் பிரித்து வழங்குவர். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கிளாவரை ஆகியவை மேல்மலை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலியவை கீழ்மலை. மேலே பூண்டும் உருளைக்கிழங்கும், கீழே காப்பியும் மலைவாழையும் ஜீவாதாரம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமோ திண்டுக்கல்லில் இருக்கிறது. கிளாவரையிலிருந்து அங்கே செல்ல விரும்புபவர் முதலில் கொடைக்கானலுக்கு வந்து, பின்னர் மலைப்பாதையில் வத்தலக்குண்டுக்கு இறங்கி, அதன்பின் சமவெளியில் பயணத்தைத் தொடரவேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கே நாள் முழுதும் கழியும் இப்பயணம், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பார்வையற்றவருக்கும் எத்தகைய சிரமம் என்பதை அனுபவித்தவரே அறிவர். ஒரு விண்ணப்பத்தில் எதை எழுதவேண்டும், எந்தச் சான்றிதழைச் சேர்க்கவேண்டும், உதவித்தொகை ஏன் நின்றது என்பவற்றை வீட்டிலிருந்தபடியே ஓர் உதவியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமானால், அந்தப் பயணங்களில் பாதி மிச்சமாகும். நகரவாசிக்கு வசதியாக இருக்கும் இச்சாதனம் மலைவாசியான மாற்றுத்திறனாளிக்கு அவசியமாகிறது.

முதலில், கிடைத்திருக்கும் நன்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். டென்மார்க்கில் பிறந்து 2015இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய ‘பீ மை ஐஸ்’ என்னும் செயலி, பார்வையற்றவர் கைப்பேசியின் வழியே காட்டும் பொருளை எங்கோ இருக்கும் தன்னார்வலர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடாக இருந்தது. 2023இல் அத்தன்னார்வலரின் இடத்தில் செயற்கை நுண்ணறிவும் வந்து நின்றது. பால் கெட்டுவிடும் தேதி எது, சட்டையின் நிறம் எது, வந்த கடிதம் யாருடையது என்று கேட்பதற்கு மற்றொருவரின் ஓய்வுநேரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை என்பது சிறு விஷயம் அன்று. பார்வையற்றவரான சாகிப் ஷேக் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் முன்னின்று உருவாக்கி, 2017இல் வெளியான ‘சீயிங் ஏ.ஐ.’ என்ற செயலியும் இவ்வகையில் முன்னோடி.

இந்த நன்மைக்குள்ளேயே ஓர் அபாயம் பொதிந்து கிடக்கிறது. கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் மூடுபனி இறங்கிய ஒரு மாலை வேளையில், பார்வையற்ற ஒருவர் தம் கைப்பேசியை உயர்த்தி, எதிரே நிற்கும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பனியில் முதல் எழுத்தாகிய ‘பூ’ மட்டும் தெளிவாகத் தெரிகிறது. பூம்பாறையும் அவ்வாறே தொடங்குகிறது, பூண்டியும் அவ்வாறே தொடங்குகிறது. மனிதன் ஒருவன் அருகில் இருந்தால், ‘சரியாகத் தெரியவில்லை, கிட்டப் போய்ப் பார்க்கிறேன்’ என்பான். இக்கருவிகளின் சுபாவமோ, தெரிந்த அரைகுறையை வைத்து எஞ்சியதை இட்டு நிரப்பி, சிறிதும் தயங்காத குரலில் ‘பூண்டி’ என்று சொல்லிவிடுவது. சொன்னதை நம்பி ஏறியவர், வண்டி பூம்பாறையோடு நின்றுவிட்டால் இருட்டில் பாதி வழியில் இறங்கி நிற்க நேரும். பார்வையுள்ளவர் கருவி செய்யும் பிழையை அடுத்த கணமே கண்டுகொள்வார். எவருக்காக அக்கருவி மிக இன்றியமையாததோ, அவருக்குத்தான் அதன் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை. மாத்திரை அட்டையில் 50 என்பதை 500 என்று படித்துவிட்டால் விளைவு என்ன என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். ஆதலின் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற உதவியாளரின் முதல் லட்சணம் யாது என்று என்னைக் கேட்டால், தனக்குத் தெளிவாகத் தெரியாததைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதும், படத்தை இன்னொரு முறை எடுத்துக் காட்டும்படி கேட்பதுமே என்பேன். குரலின் இனிமையும் விடையின் வேகமும் அதற்குப் பின்னர்தான்.

இனி, உதவியாளரை அணுகும் வாயிலுக்கு வருவோம். திரைவாசிப்பான் என்பது திரையில் உள்ள எழுத்தையும் பொத்தானையும் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள். கைப்பேசியில் டாக்பேக்கும், கணினியில் பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டேயோடு சேர்ந்து வளர்த்து, இலவசமாகக் கிடைக்கச் செய்த என்.வி.டி.ஏ.வும் நம்மவர் பெரிதும் பயன்படுத்துபவை. பொத்தான் ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரை உள்ளே எழுதிவைத்திருந்தால்தான் திரைவாசிப்பான் ‘அனுப்பு’, ‘நிறுத்து’, ‘படம் சேர்’ என்று சொல்ல இயலும். எழுதாமல் விட்டால் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டுமே அது சொல்லிக்கொண்டு போகும். உதவியாளர்கள் விடையை ஒரே மூச்சில் தருவதில்லை. சொல் சொல்லாகத் திரையில் வளர்கிறது. கண்ணுடையவருக்கு அது பார்க்க அழகாக இருக்கலாம். திரைவாசிப்பானோ, முறையாக அமைக்கப்படாத இடத்தில், விடை வந்ததையே அறிவிக்காமல் மௌனமாக இருக்கிறது. அல்லது ஒவ்வொரு சொல் சேரும்போதும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கிக் கேட்பவரைத் திணறச் செய்கிறது. அழுத்தம் காட்டுவதற்காக இடப்படும் நட்சத்திரக் குறிகளை ஒன்றுவிடாமல் உச்சரிப்பதும், அட்டவணைகளை வரிசை தெரியாமல் கொட்டுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் பரிகாரம் தெரியாததன்று. இணையதள அணுகல் வழிகாட்டு நெறிகளின் முதல் பதிப்பு 1999இலேயே வெளிவந்தது. அண்மைப் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐ.எஸ். 17802 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. தெரிந்த பரிகாரத்தைச் செய்யாமல் விடுவதை அலட்சியம் என்று சொல்வதே தகும்.

தமிழரைப் பொறுத்தவரை இத்தடைகள் இரட்டிக்கின்றன. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய நாள் முதல், 1951இல் இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டதைக் கடந்து, இன்றுவரை தமிழில் படிக்க விரும்பிய பார்வையற்றவர் ஆங்கிலத்தில் படிப்பவரைவிட எப்பொழுதும் ஓர் அடி பின்னேயே நிற்கவேண்டியிருந்தது. கணினி வந்தபோதும் அந்நிலை மாறவில்லை. அரசாங்க ஆணைகளும் பாடப்புத்தகங்களும் நெடுங்காலம் ஒருங்குறியல்லாத எழுத்துருக்களில் அச்சாகிவந்தமையால், பார்வைக்குத் தமிழாகத் தோன்றிய பக்கம் திரைவாசிப்பானின் வாயில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக வெளிவந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் காகிதத்தில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, அதைப் படமாக எடுத்து இணையத்தில் ஏற்றும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. எழுத்தாக இருக்கவேண்டியது படமாக இருக்கும்போது, அதைப் படிக்கத் திரைவாசிப்பானால் ஆவதில்லை. உதவியாளர் முயன்றாலும் பிழை நேர்கிறது.

இத்துறையில் நம்மவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் நன்றியோடு நினைக்கவேண்டும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கியபோது, பார்வையற்ற தமிழ் மாணவர்களுக்கும் அது ஒரு நூலகத்தைத் திறந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர். கல்யாணகிருஷ்ணனின் குழு, இந்திய மொழிகளில் பார்வையற்றோர் தாமே எழுதவும் எழுதியதைக் கேட்கவும் உதவும் மென்பொருளை ஆக்கித் தந்தது. அதே கல்விநிலையத்தின் பேராசிரியை ஹேமா மூர்த்தியின் தலைமையில் பல நிறுவனங்கள் கூடி, தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்குச் செயற்கைப் பேச்சொலியை உருவாக்கித் திரைவாசிப்பான்களோடு இணைத்தன. ஆயினும் வணிக உலகம் தமிழுக்குத் தாமதமாகவே வருகிறது. அமேசானின் அலெக்ஸா 2019இல் இந்தியைப் பேசக் கற்றது. தமிழ் பேசும் வரிசையில் அதைக் காணோம். ஜெமினி 2024இல்தான் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளுக்கு வந்தது.

தமிழ் வந்துவிட்டது என்பதோடு காரியம் முடிந்துவிடுவதும் இல்லை. மேல்மலை விவசாயி ஒருவர் கைப்பேசியிடம், ‘பூண்டுத் தாளெல்லாம் மஞ்சளாப் போச்சு, என்ன செய்யறது’ என்றுதான் கேட்பார். ‘பூண்டுப் பயிரின் இலைகள் மஞ்சள் நிறமடைந்துவிட்டன’ என்று கேட்கமாட்டார். புத்தகத் தமிழை வாசித்துப் பதிவுசெய்த குரல்களைக் கொண்டு பழகிய கருவி, வீட்டுத் தமிழின் முன் தடுமாறுகிறது. இம்மலைகளின் ஆதிக்குடிகளாகிய பளியரின் பேச்சோ இன்னும் தூரத்தில் இருக்கிறது. பளியர் குடியில் பார்வையற்ற ஒரு முதியவர் இருந்தால், அவர் உடற்குறை, மொழி, கல்வி, கைப்பேசி அலை எட்டாமை ஆகிய நான்கு வேலிகளுக்கு அப்பால் நிற்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் இவ்வேலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்கின்றன. அவரோ எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எதிர்கொள்கிறார்.

பேச்சில் குறையுள்ளோரின் நிலையை இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்கவேண்டும்; ஏனெனில் குரலால் இயங்கும் உதவியாளரைப் புகழ்வோர் பெரும்பாலும் இவர்களை மறந்துவிடுகிறார்கள். பெருமூளை வாதத்தாலோ பக்கவாதத்தாலோ சொற்கள் குழறி வருபவர், திக்கிப் பேசுபவர், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே நெடுநேரம் தேடுபவர் ஆகியோர் வாய் திறந்து வாக்கியத்தை முடிக்குமுன்பே கருவி, பேச்சு முடிந்ததென்று கருதி விடை சொல்லப் புறப்பட்டுவிடுகிறது. 2022இல் வெளியான விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள் 6,80,000 மணி நேரக் குரற்பதிவுகளால் பயிற்றப்பட்டது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு ஆங்கிலம். அம்மென்பொருளை அமெரிக்க ஆய்வாளர் அலிசன் கோனெக்கேயும் அவருடைய சகாக்களும் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பதிவில், பேசியவர் சொல்லாத வாக்கியங்களைக் கருவி தானே கற்பித்து எழுதியிருந்தது தெரியவந்தது. மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குன்றியவர்களின் பேச்சில் இப்பிழை மிகுதி. அவர்கள் சொல்லைத் தேடி நின்ற இடைவெளியைக் கருவி தன் சொந்தக் கற்பனையால் நிரப்பியிருக்கிறது. ஒருவர் பேசச் சிரமப்படும் கணத்திலேயே அவர் வாயில் பிறர் சொல்லை வைப்பதைவிடப் பெரிய அநியாயம் ஒரு மொழிக்கருவி செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

இக்குறையைத் தீர்க்க வழி, அத்தகைய குரல்களையே திரட்டிக் கருவிக்குப் பழக்குவது. கூகுள் 2019இல் யூஃபோனியா என்ற திட்டத்தையும், இல்லினாய் பல்கலைக்கழகம் 2022இல் பேச்சு அணுகல் திட்டத்தையும் தொடங்கின. தமிழிலும் இப்பணி நடந்திருக்கிறது. சென்னையை அடுத்த எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் ஆய்வாளர்கள், பேச்சுக்குழறல் உள்ள தமிழரின் குரல்களைப் பதிந்து ஒரு தொகுதி அமைத்திருக்கிறார்கள். பேசவே இயலாத பிள்ளைகளுக்காகச் சென்னையைச் சேர்ந்த அஜித் நாராயணன், வித்யாசாகர் நிறுவனத்தின் ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் கலந்து உருவாக்கிய ‘ஆவாஸ்’, படங்களைத் தொட்டு வாக்கியம் அமைத்துக் குரலாகக் கேட்கச் செய்யும் செயலி, தமிழிலும் கிடைக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு உள்ளேயே அமர்ந்து ஒருவர் அதைச் செய்திருந்தால் அது இவ்வளவு பயன்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. இச்சிறு முயற்சிகளைப் பெருந்தொகுதியாக வளர்க்கும் செலவு, ஒரு மாநில அரசுக்குப் பெரிய சுமையாக இராது.

காது கேளாதோரின் விஷயம் வேறு வகையானது. எழுதத் தெரிந்தால் போதுமே, எழுத்தில் கேட்டு எழுத்தில் விடை பெறலாமே என்று பலர் எண்ணுவர். பிறவியிலேயே கேளாதவர்களுள் பலருக்குத் தாய்மொழியின் ஸ்தானத்தில் இருப்பது சைகைமொழி. எழுத்துத் தமிழ் அவர்களுக்குக் கஷ்டப்பட்டுக் கற்ற இரண்டாம் மொழி. கைகளின் அசைவோடு முகக்குறிப்பும் தோளின் சாய்வும் இலக்கணமாக அமைந்த அம்மொழிக்கு, டெல்லியில் 2015இல் அமைந்த இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டது. 2021இல் அது 10,000 சொற்களாக வளர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏ.ஐ.4பாரத் குழுவினர் 2020இல் 263 சொற்களுக்கு 4,287 காணொளிகளைத் தொகுத்து, கருவி சைகையை அறிவதற்கு அடிகோலினர். 263 சொற்களால் ஒருவர் தம் நோயை மருத்துவரிடம் விவரித்துவிட முடியாது. ஆனால் தொடக்கம் என்ற அளவில் அது மதிப்புடையது. சைகை செய்யும் பொம்மை உருவங்களைத் திரையில் ஆடவிட்டு, காது கேளாதோருக்கு எல்லாம் செய்தாயிற்று என்று விளம்பரம் செய்வோரை மட்டும் நம்புவதற்கில்லை. முகத்தில் சலனமே இல்லாத உருவம் காட்டும் சைகை, அம்மொழியினருக்குப் பாதிதான் புரியும்.

ஏனையோரைச் சுருங்கச் சொல்லலாம். தொழுநோயிலிருந்து மீண்டு விரல்களில் உணர்ச்சி இழந்தவருக்கும், கை நடுக்கம் உள்ளவருக்கும் தொடுதிரையே எதிரி. அவர்களுக்குக் குரல்வழி வேண்டும், குறித்த நேரத்துக்குள் அழுத்தியாக வேண்டும் என்ற கெடுபிடி கூடாது. அறிவு வளர்ச்சிக் குறையுள்ளோருக்குச் சிறு வாக்கியங்களில், ஒரு நேரத்தில் ஒரு செய்தியாக விடை வேண்டும். இவ்விஷயத்தில் மட்டும் உதவியாளர் எளிதில் வசப்படுகிறது. எளிமையாகச் சொல் என்றால் சொல்கிறது. அவ்வாறு கேட்கலாம் என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை.

ஒருவருக்குத் திறக்கும் வழி மற்றொருவருக்கு மூடும் என்றால் யாவருக்கும் பொருந்தும் கருவி எப்படிச் சாத்தியமாகும் என்று கேட்கலாம். இம்மலைத்தொடரின் அடிவாரத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. பழனியாண்டவரைத் தரிசிக்கப் படிகள் உண்டு. செங்குத்தாக ஏற இயலாதவருக்குச் சாய்வான யானைப்பாதை உண்டு. 1966இல் இழுவை ரயில் வந்தது. 2004இல் ரோப்கார் வந்தது. பின்னது வந்ததென்று முன்னதை எவரும் இடித்துவிடவில்லை. காற்று பலமாக வீசினால் ரோப்கார் நிற்கும். பராமரிப்புக்காகவும் சில நாட்கள் நிற்கும். அப்பொழுது மற்ற வழிகள் கைகொடுக்கும். உதவியாளரும் அவ்வாறே எழுத்து, குரல், படம், சைகை, பிரெயில் என்று பல வழிகளால் அணுகத்தக்கதாகவும், ஒரு வழி அடைபட்டால் பயனர் நடுவில் தொங்காமல் மற்றொன்றுக்கு மாறத்தக்கதாகவும் அமையவேண்டும். மழைக்காலத்தில் மின்சாரமும் கைப்பேசி அலையும் அடிக்கடி போய்விடும் மலைக்கிராமங்களில், இணையம் இல்லாமலே கைப்பேசிக்குள்ளேயே இயங்கும் சிறு மாதிரி ஒன்றும் அவ்வழிகளுள் சேரவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், குறை சட்டத்தில் இல்லை. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை வகுத்து, தகவல் தொழில்நுட்பம் யாவருக்கும் எட்டவேண்டும் என்று 42ஆம் பிரிவில் விதித்தது. அச்சட்டத்தின் கீழ் எழுந்த விதிகளோ கட்டாயம் போலவும் பரிந்துரை போலவும் இரண்டுங்கெட்டானாக இருந்தன. ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் தேதி அளித்த தீர்ப்பில் அவ்விதிகளுள் ஒன்று சட்டத்தோடு பொருந்தாது என்று கூறி, கட்டாயமான தரங்களை வகுக்குமாறு மத்திய அரசுக்கு மூன்று மாதத் தவணை கொடுத்தது. அமிலவீச்சுக்கு ஆளாகி, கண்ணை இமைக்க இயலாத காரணத்தால் வங்கிக்கணக்குத் தொடங்கும் இணையச் சோதனையில் தடைபட்ட பிரக்யா பிரசூனும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30ஆம் தேதி நீதியரசர்கள் பர்திவாலாவும் மகாதேவனும் இருபது கட்டளைகளைப் பிறப்பித்து, மின்னணு வசதிகளை அடைவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தார்கள். இது சாமானியமான வாக்கியமன்று. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூரார் கொடைக்கானலுக்கு வரவே இணையத்தில் இ-பாஸ் பெறவேண்டும் என்ற நிலை ஏற்பட்டிருக்கும் இக்காலத்தில், மலையின் வாசலே கைப்பேசித் திரையில் வந்து நிற்கிறது. நாளை அத்தகைய படிவங்களை உதவியாளரே நிரப்பித் தரும் காலம் வரும். அப்பொழுது உதவியாளரை அணுக முடியாதவர், படிவத்தையும் அணுக முடியாதவர் ஆவார்.

ஆகவே எஞ்சியிருப்பது செய்கை. யார் செய்யவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை: மாற்றுத்திறனாளிகளை முன்னிறுத்தியே இது செய்யப்படவேண்டும். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அந்த விரல்களைக் கொண்டே அறுவைக்கத்தியைப் பிடிக்கப் பழகி, 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கி, லட்சக்கணக்கானோருக்குப் பார்வை கிடைக்க வழி செய்தார். 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் இன்று, குறையோடு பிறந்த குழந்தைகளுக்கு இளம் பிராயத்திலேயே சிகிச்சை அளிப்பதற்கெனச் சொந்தமாகச் செயலியே உருவாக்கியிருக்கிறது. எங்கே இடிக்கிறது என்பதை உடலால் அறிந்தவர்கள் முன்னின்று செய்தமையால் அந்தக் காரியங்கள் நிலைத்தன. நுண்ணறிவு உதவியாளரை அமைக்கும் நிறுவனங்களோ, எல்லாம் முடிந்த பின்னர் கடைசி வாரத்தில் ஒரு பார்வையற்றவரை அழைத்து, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதையே பெரும்பாலும் வழக்கமாகக் கொண்டிருக்கின்றன. அதற்கு ஊதியமும் தருவது அரிது.

தமிழக அரசு பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தக்க செயலிகளோடு கைப்பேசி வழங்கி வருகிறது. உலக வங்கியின் உதவியோடு ‘உரிமைகள்’ திட்டத்தையும் நடத்துகிறது. இவற்றோடு ஒரு நிபந்தனையையும் அது சேர்க்கவேண்டும் என்பது என் கோரிக்கை. இனி எந்த அரசுத்துறையும் ஓர் உதவியாளரை விலைகொடுத்து வாங்கவோ மக்கள் சேவையில் புகுத்தவோ முன்வந்தால், தமிழ் பேசும் பார்வையற்றோர், காது கேளாதோர், பேச்சுக்குழறல் உள்ளோர், கைவலுவற்றோர் ஆகியோர் தக்க ஊதியம் பெற்று அதைச் சோதித்து, ஏற்கத்தக்கது என்று கையொப்பமிட்ட அறிக்கை அதனுடன் இருக்கவேண்டும். அவ்வறிக்கை ஒருங்குறித் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவும் வேண்டும். அச்சோதனையைச் சென்னையின் அலுவலக அறைகளில் மட்டும் நடத்தாமல், மன்னவனூரிலும் தாண்டிக்குடியிலும் நடத்தட்டும். வாசகர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ்ப் பிரிவு திறந்தே இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ குழறிப் பேசுபவரோ திக்கிப் பேசுபவரோ இருந்து, அவருக்கும் விருப்பம் இருக்குமானால், அருகில் அமர்ந்து அவர் குரலை அதில் பதிவுசெய்ய உதவுங்கள்.